செல்விக்கு வயது பதினேழு

அக்காவுக்கு வந்த அந்தக் கடிதத்தை நான் அக்காவின் கையிலேயே கொடுத்திருந்தால், அவள் இன்று உயிரோடு இருந்திருப்பாளா? கதிர், இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் யோசித்தும் தெரியவில்லை. வேதியியல் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்து வருகிறவள் நான். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்லலாம் என்று வகுப்பில் சொல்கிறேன். நடந்துபோனதில் அந்த வசதி இல்லை. நீ இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் கடிதம் என் கைக்குத்தான் வந்தது என்பது உனக்குத் தெரியாது. உன் புத்தகத்தில் தபால்காரர் அதை நேராக உன் தாத்தாவிடம் கொடுக்கிறார். அந்தப் பக்கம் தவறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். விரும்பினால் இதை அடுத்த பதிப்பின் கடைசியில் சேர்த்துக்கொள். உன்னைப் படிக்கிற பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சாக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். அங்கே உன் மாமா, அதாவது என் அண்ணன் வீட்டுச் சாமி அறையில், உத்தரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்குகிறது. கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி வெள்ளியில், பெட்டியை இறக்கி, போன வருஷத்துப் பாவாடை சட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம். பழையதை வீட்டில் அந்த வயதில் இருக்கிற பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுத்துவிடுவோம். எங்கள் பெட்டியில் இருப்பவள் என் அக்கா செல்வி. யாராவது கேட்டால், "பதினோரு வயசுல மஞ்சக்காமாலையில போயிட்டா" என்பார் என் அம்மா. பாவாடையும் பதினோரு வயது அளவில்தான் இருக்கும். உண்மையில் செல்வி இறந்தபோது அவளுக்கு வயது பதினேழு. பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். மஞ்சள் காமாலை அவளுக்கு வந்ததே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நீ. அப்போது உனக்குப் பத்து வயது. ஆடி வெள்ளிப் படைப்பு நாளன்று பெரியவர்களெல்லாம் பணியாரம் சுடுவதில் மும்முரமாக இருக்க, நீ பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு பள்ளிக்கூட போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாய். அதில் செல்வி தாவணி போட்டுக்கொண்டு, மற்ற பெண்களைவிட ஒரு தலை உயரமாகப் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் கைகூப்பி நிற்கும்போது நீ உரக்கக் கேட்டாய்: "அம்மா, பெரியம்மா இவ்ளோ பெரிய பொண்ணா இருக்காக, பாவாடை மட்டும் ஏன் குட்டியா இருக்கு?" நான் உன்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கன்னத்தில் அறைந்தேன். நான் உன்னை அடித்தது அந்த ஒருமுறைதான். ஆதாரத்தோடு கேள்வி கேட்ட பிள்ளையை அறைந்துவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் போய், எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதீர்கள் என்று பாடம் நடத்தினேன். நாளை உனக்கொரு பிள்ளை பிறந்து, சபையில் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டால், உன் கை எழுவதற்குள் ஒரு நொடி நில். அந்தப் பிள்ளை போட்டோவைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த அறைக்குப் பதினான்கு வருஷம் கழித்து நீ பதில் எழுதினாய். இளையோர் படிக்க ஒரு நாவல், முழுக்கக் கவிதையில். சொல்லாமலே எங்கெங்கோ அலைந்திருக்கிறாய். நாட்டரசன்கோட்டையில் செல்வியோடு படித்த தோழியைத் தேடிப் பிடித்து, இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் மதுரையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதையும், தோழி மட்டும் போய்ச் சேர்ந்ததையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். பிறகு எழுதியதைத் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பினாய். மேலே ஒரு துண்டுத் தாள்: "நீங்க வேண்டாம்னு சொன்னா அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்." நான் வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் "ஆதாரம்?" என்று எழுதினேன். "வரியை ஏன் பாதியில் முறிக்கிறாய், தாள் வீணாகிறது" என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். நீ போனில் சிரித்தாய். "சொல்ல முடியாதத சொல்றவங்களுக்கு மூச்சு விட இடம் வேணும்லம்மா" என்றாய். எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. ஆனால் இந்த நான்கு வரிக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்தேன்:

பாவாடை குட்டை,
போட்டோவில் பிள்ளை நெட்டை.
நடுவில் இருக்கிற ஆறு வருஷத்தை
யார் மடித்து வைத்தது?

நான்கு மாதம் உனக்குப் பதில் சொல்லவில்லை. நீ என் மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாய். அது என் தவறு, உன் தவறும்கூட. மனிதர்கள் பேசாமல் இருப்பதற்கு எத்தனையோ காரணம் உண்டு. இன்னொருமுறை கேட்டுவிடு. எனக்குக் காரணம் பயம். கடைசியில் ஒருநாள் நீ ஊருக்கு வந்திருந்தபோது, உனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே "போட்டுக்கொள்" என்றேன். எதை என்று நீ தட்டைப் பார்த்தாய்.

இப்போது உன் புத்தகம் ஜெயித்துவிட்டது. நான் எளிதில் இந்த வார்த்தையைச் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். போன மாதம் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் உன் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சத்தமாக வாசித்தார்கள். அறிவியல் மன்றத்துக்காகப் போயிருந்த என்னையும் உட்காரச் சொன்னார்கள். நான் உன் அம்மா என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளை வாசித்து முடித்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒரு பெட்டி இருக்கு டீச்சர். இன்னைக்கு எங்க அம்மாகிட்ட கேக்கப் போறேன்" என்றாள். இன்னொருத்தி, "கேட்டா வெளக்கமாறுதான் பதில் சொல்லும்" என்றாள். வகுப்பே சிரித்தது. "அடிச்சா அடிக்கட்டும், கேட்டது கேட்டதுதான்டி" என்றாள் முதல் பிள்ளை. அந்த நிமிஷம் எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, ஒல்லியான பிள்ளை, உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னாள். "கதையில ஒரு தங்கச்சி வருதுல்ல டீச்சர், செல்வியோட தங்கச்சி. அது பாதியில காணாமப் போயிருது. எழுதுனவரு மறந்துட்டாரு போல. அந்தத் தங்கச்சி என்னதான் ஆச்சு?" டீச்சர் அது எழுத்தாளரின் உரிமை என்று ஏதோ சொன்னார். தங்கச்சி மூன்றடி தள்ளி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அது ஆனி மாதம். செல்வி என்னிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள்: "ஒரு கவர் வரும்டி. வந்தா எங்கிட்ட மட்டும் குடு. என் மைப்பேனாவ ஒனக்கே தாரேன்." கடிதம் வந்த அன்று காலையில், அவள் தருவதற்கு முன்பே நான் அந்தப் பேனாவை எடுத்து எழுதி, முள்ளை வளைத்துவிட்டேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள். "இனி பேனாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது போ" என்றாள். மத்தியானம் தபால்காரர் வந்தபோது வாசலில் நான்தான் நின்றேன். கவரில் செல்வியின் பெயர் இருந்தது. செல்வி வீட்டுக்குள்தான் இருந்தாள், கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் கவரை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். அங்கே வேப்பமரத்தடியில் அப்பா, செல்வியைக் கட்டுவதாக இருந்த முறைமாமனின் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். "அப்பா, அக்காவுக்குக் காலேஜ்லருந்து வந்திருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவளுக்குத் திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். திட்டு விழவில்லை. அப்பா கடிதத்தை வாசித்தார், மடித்தார், வீட்டுக்கு வந்து, சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் வைத்தார். செல்வி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான்காம் நாள் விடிந்தபோது அவள் இல்லை. எப்படி என்பதை நீ எழுதாமல் விட்டாய், அது சரி. நானும் எழுதப் போவதில்லை.

அடுத்து வந்த ஆடியில் அம்மா என்னைக் காரைக்குடிக்கு ஜவுளி எடுக்கக் கூட்டிப் போனார். ஒரு பாவாடையை எடுத்து என் இடுப்பில் வைத்துப் பார்த்தார். கடைக்காரர், "பாப்பாவுக்கு எடுப்பா இருக்கு" என்றார். அம்மா, "ஆமா, இவளுக்குத்தான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அது பெட்டிக்குள் போனது. அதற்கடுத்த வருஷங்களில் நான் வளர்ந்துவிட்டேன், ஆனால் அம்மா பழைய பாவாடையையே அளவுக்கு எடுத்துப் போனார். இத்தனை வருஷமும் என் அக்கா என் அளவில் உடுத்திக்கொண்டிருக்கிறாள். ஊருக்குப் பயந்து, வெட்கத்தில், அம்மா செய்த வேலை அது என்றுதான் நான் நினைத்து வந்தேன். அம்மா போய்ச் சேரும்வரை அவரை மனதுக்குள் கோழை என்றே வைத்திருந்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் புத்தகத்தில் தாத்தா அடுப்பு முன்னாலேயே நின்றுவிடுகிறார். அவர் அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் இருந்தார். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வருஷம், ஆனி பிறந்ததிலிருந்து தினமும் சாக்கோட்டைத் தபால் நிலையத்துக்கு நடந்தே போய், "எம்மக பேருக்கு ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். வந்த கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மதுரையில் விடுதியில் என்னை விட்டுவிட்டு, வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பொழுது சாயும்வரை நின்றார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எனக்காக நின்றாரா, அவளுக்காக நின்றாரா என்று அன்றும் கேட்கவில்லை. நீ இனி யாரைக் குற்றவாளியாக எழுதினாலும், அவர் அதற்குப் பிறகு எங்கே போய் நின்றார் என்பதையும் விசாரித்து எழுது. மன்னிப்பதற்காகச் சொல்லவில்லை. கணக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாளை ஆடி வெள்ளி. உன் மாமா போனில் சொன்னது உனக்குத் தெரியும்: "உம்மகன் எழுதிக் கிழிச்சது போதும். அவன் இங்குட்டு வரக்கூடாது. நீ வாரதா இருந்தா வழக்கமான பாவாடையோட வா." நான், "புத்தகத்தப் படிச்சீகளாண்ணே?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இந்த முறை நான் வழக்கமான பாவாடையை எடுக்கவில்லை. பாவாடை, ரவிக்கை, தாவணி என்று மூன்றும் எடுத்தேன், செல்விக்குப் பிடித்த மயில்கழுத்து நிறத்தில். ரவிக்கை தைக்கத் தையல்காரரிடம் போனேன். "யாருக்கு டீச்சர்?" என்றார். "எங்க அக்காவுக்கு. வயசு பதினேழு." அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர், ஒங்களுக்கே அம்பது ஆகப்போகுது. அக்காவுக்குப் பதினேழுங்கிறீக?" "ஆமா. அவ அங்கேயே நிக்கிறா. நான்தான் நடந்து வந்துட்டேன்" என்றேன். பிளஸ் டூ முடித்திருக்கிற உன் மாமா மகள் கயலின் ரவிக்கை ஒன்றை ரகசியமாக வாங்கி வந்திருந்தேன். அதை அளவாகக் கொடுத்தேன்.

மூன்றும் இப்போது மேசையில் மடித்து இருக்கின்றன. மாமா இதைப் பெட்டிக்குள் வைக்க விடுவாரா என்று தெரியாது. விடாவிட்டாலும், நாளை எல்லோர் முன்னிலும் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று சொல்லிவிடுவேன். அது பதினோரு வயதில் எல்லோர் முன்னாலும் சொன்ன வாய்தான், மறுபடி சொல்லாதா என்ன. செல்வி இன்னொரு வருஷம் என் பாவாடையில் இருக்கக்கூடாது. உனக்கு இந்தத் துணிவு பத்து வயதிலேயே வந்துவிட்டது, எனக்கு இப்போதுதான். பிள்ளையிடமிருந்து அம்மாவுக்கு வந்தால் என்ன, குடும்பச் சொத்துதானே.

மறுநாள் நடந்ததையும் இதே தாளில் எழுதிவிடுகிறேன்.

காலை பஸ்ஸில் போனேன். மதினி வாசலிலேயே, "வாங்க, பணியாரம் ஆறுது" என்றார், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். பங்காளி வீட்டு ஆட்கள் இருபது பேருக்குமேல் இருந்தார்கள். நான் தாம்பாளத்தில் மூன்றையும் வைத்து உன் மாமா முன் நீட்டினேன். அவர் ரவிக்கையை மட்டும் எடுத்து விரித்துப் பார்த்தார்.

"யாரு அளவு இது?"

"அக்கா அளவுண்ணே. பதினேழு வயசு." தாம்பாளத்தைக் கீழே வைத்தேன். "இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு லெட்டர அப்பாட்ட கொண்டுபோயிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்" என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் ரவிக்கையை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டே பேசினார். "கொட்டாயில கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன். கவரோட நீ ஓடுனதப் பாத்தேன். அம்மாவுக்கும் தெரியும். ஏன் ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயிப் பாவாட எடுத்தாகன்னு நெனக்கிற? பதினோரு வயசுல காமாலையில போனவளுக்கு எந்தக் காலேசுலருந்து லெட்டர் வரும்? லெட்டரே வரலைன்னா, அதத் தூக்கிட்டுப் போயிக் குடுத்தது யாருன்னு பின்னால எவன் கேப்பான்? சாகுறப்பக்கூட என் கையப் புடிச்சிக்கிட்டு, சின்னவள ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லிறக்கூடாதுன்னாக. உம்மகன் புத்தகம் போட்டான்னதும் எனக்கு அதாம் பதறுச்சு. மானம் போகும்னு இல்ல. நீ என்ன ஆவியோன்னு."

மதினி அழுதார். நான் அழவில்லை. நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். உன் மாமா தாவணியையும் பாவாடையையும் ரவிக்கையையும் பெட்டிக்குள் வைத்தார். ஒவ்வொரு வருஷமும் சொல்கிற சொல்லைச் சொல்ல வாயெடுத்து, அதை மாற்றி, சத்தமாகச் சொன்னார்: "எங்க வீட்டுப் பிள்ள செல்விக்கு. வயசு பதினேழு. பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு." பின்னாலிருந்து கயல், "அப்பா சாமிகிட்டயே மார்க்கு சொல்றாரு" என்று சிரித்தாள். அவளோடு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆடியில் அந்தத் தாவணி அவளுக்கு. அதை எந்தக் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போவது என்று அவள் இப்போதே யோசிக்கிறாள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததே உன் மாமாதானாம்.

இலையில் உட்கார்ந்தபோது உன் மாமா என்னிடம் சொன்னார்: "அடுத்த வருசம் மருமகன வரச் சொல்லு. அவங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அம்பத்திரெண்டாம் பக்கத்துல நான் ஒல்லியா இருந்தேன்னு எழுதியிருக்கான். நான் எப்படா ஒல்லியா இருந்தேன்?"

கிளம்பும்போது, பெட்டியிலிருந்து எடுத்த போன வருஷத்துப் பாவாடையை என்னிடம் கொடுத்தார். சிறு பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. "இது ஒன்னோடது. கொண்டுக்கிட்டுப் போ" என்றார்.

காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாவாடையை மடியில் விரித்தேன். என் ஒரு முழங்காலுக்கும் மறு முழங்காலுக்கும் நடுவிலேயே அதன் இடுப்பு அடங்கிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், அப்போதும் அவ்வளவுதான். அன்று கவரை எடுத்துக்கொண்டு ஓடிய பிள்ளை இவ்வளவு சின்னவளாகத்தான் இருந்திருக்கிறாள்.